ஆட்டின் தொண்டைக்குழாய்க்கு மாற்றுச்சொல் உண்டா?

கேள்வி: பள்ளி நூலகத்தில் வாரம் ஒருநாள் மாணவர்களுக்குக் கதை சொல்லி வருகிறேன். வீல்வால் என்னும் சோமாலியத் தலைவனைப் பற்றிய நாட்டுப்புறக் கதை ஒன்றை ஒரு தொகுப்பில் படித்து, எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தொகுப்பில் உள்ளது போலவே இருக்கிறது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, வேறு சொற்களில் எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றுச்சொல் கருவியையும் வீட்டில் இருந்த அகராதியையும் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக மாற்றினேன். இப்போது படித்தால் எனக்கே கதை புரியவில்லை. இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். பொருத்தமான மாற்றுச்சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். இரண்டு பிரதிகளையும் படித்தேன். முதல் பிரதி நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது பிரதியில் நீங்கள் மாற்றிய சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அகராதியில் இடம் உண்டு. ஆனால் அவற்றுள் பலவற்றுக்கு இந்தக் கதையில் இடம் இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் பேச வேண்டும், அதைப் பேசக் கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

வீல்வால் 19ஆம் நூற்றாண்டில், இன்று எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத் தலைநகராக இருக்கும் ஜிக்ஜிகாப் பகுதியில் ஆட்சி செய்த தலைவன். புத்திசாலித்தனமான புதிர்களைப் போட்டு மக்களைச் சோதிப்பவனாகச் சோமாலியக் கதைகளில் வாழ்ந்துகொண்டிருப்பவன். பரவலாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் அவன், மனிதர்களைப் பிரிக்கவும் ஒன்றாகச் சேர்க்கவும் வல்லதாக ஆட்டின் உடம்பில் எது இருக்கிறதோ அந்தத் துண்டைக் கொண்டுவாருங்கள் என்று ஆண்களுக்கு உத்தரவிடுகிறான். வசதி உள்ளவர்கள் கொழுத்த துண்டுகளோடு வருகிறார்கள். ஓர் ஏழை மட்டும், தன் மகள் சொன்ன யோசனைப்படி, அறுத்தவுடன் கழித்துப் போடும் தொண்டைக்குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூச்சத்தோடு வந்து நிற்கிறான். அதுதான் சரியான விடை. சாப்பாடு இறங்கும் வழி அது. தனக்கே வேண்டும் என்று அது விரிந்தால் மனிதர்கள் பகையாவார்கள், பகிர்ந்து உண்டால் உறவாவார்கள்.

உங்கள் முதல் பிரதியில் ‘தொண்டைக்குழாய்’ ஒன்பது முறை வருகிறது. மலர்க்குழுவினர் குறை சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் பிரதியில் அதை ஓரிடத்தில் குரல்வளை, ஓரிடத்தில் கழுத்து, ஓரிடத்தில் மிடறு, கடைசியில் உணவுப்பாதை என்று பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பாருங்கள். குரல்வளை மூச்சும் பேச்சும் போகும் வழி. அதில் சோறு இறங்கினால் புரையேறும். கழுத்து கசாப்புக் கடையில் கேட்டு வாங்கும் நல்ல கறி. அதைக் கொண்டுபோக ஓர் ஏழை ஏன் கூச்சப்பட வேண்டும்? மிடறு அழகான பழஞ்சொல்தான், நீலமிடற்றன் என்று இறைவனையே பாடியிருக்கிறார்கள். ஆனால் இன்றைய வாசகனுக்கு மிடறு என்றால் ‘ஒரு மிடறு தண்ணீர்’தான், ‘தலைவன் முன்னால் மிடற்றை வைத்தான்’ என்று படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை குவளையைத் தேடும். உணவுப்பாதை அறிவியல் பாடப்புத்தகத்துச் சொல், வாயில் தொடங்கிக் குடலில் முடிவது. அதைத் துணியில் சுற்றி எடுத்து வர முடியாது.

இதற்குள்ளே இன்னொரு செய்தி இருக்கிறது. சோமாலி மொழியில் ஹுங்குரி என்றால் உணவு இறங்கும் தொண்டை. அதனோடு ‘பெரிய’ என்னும் பொருளுடைய வெய்ன் என்ற சொல் சேர்ந்தால் பேராசை பிடித்தவன் என்றாகிவிடும். அதாவது அந்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு ஆட்டின் அந்தத் துண்டும் மனிதனின் பேராசையும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. மகள் கண்டுபிடித்த விடை அவர்கள் நாக்கிலேயே இருந்தது. தமிழில் இந்த இரண்டையும் ஒரு சொல்லில் பிடிக்க முடியவில்லை. நாம் ஆசையையும் பசியையும் வயிற்றில் வைத்துப் பேசுகிறவர்கள். ஒரு சாண் வயிறு, வயிற்றுப்பாடு, வயிறு வளர்த்தல் என்று எத்தனையோ வழக்குகள் நம்மிடம் உண்டு. அதனால் ‘வயிறு’ என்று மாற்றினால் என்ன என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் ஆட்டு வயிறு யாரும் கழித்துப் போடும் பொருள் அன்று. குடல் குழம்பு வைக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் போய் அது வீணான துண்டு என்று சொல்ல முடியுமா? ஆகவே தொண்டைக்குழாயே இருக்கட்டும். அது ஒன்பது முறையும் அப்படியே வரட்டும். வாய்மொழிக் கதையில் மையப் பொருள் ஒரே பெயரில் திரும்பி வருவது எழுத்துப் பிழை அன்று, கேட்பவன் பிடித்துக்கொள்ள வைத்த கைப்பிடி.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையைத் திருத்த எடுத்தவுடன், எந்தச் சொற்கள் நகர்ந்தால் கதை நின்றுவிடும் என்று பார்த்து அவற்றைப் பென்சிலால் வட்டமிடுவேன். இந்தக் கதையில் அவை மூன்றோ நான்கோதான்: தொண்டைக்குழாய், பிரிக்கவும் சேர்க்கவும் என்னும் இணை, கழித்துப் போடுதல், மகள். மற்றவை எல்லாம் நகரக்கூடியவை. ‘கட்டளையிட்டான்’ என்பதை உத்தரவிட்டான் என்றோ, சொல்லி அனுப்பினான் என்றோ எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறீர்கள்: நகரக்கூடாதவற்றை நகர்த்திவிட்டு, ‘அப்போது’, ‘பிறகு’, ‘உடனே’ எல்லாவற்றையும் தொகுப்பில் இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறீர்கள். அதனால்தான் கதை புரியாமலும் போயிற்று, தொகுப்பின் சாயலும் மாறவில்லை.

நகரக்கூடிய சொற்களிலும் மாற்றுச்சொல் தன்னோடு எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஏழை’ என்பதைக் கருவி ‘இரவலன்’ என்று மாற்றித் தந்திருக்கிறது. இரவலன் புரவலனிடம் கை நீட்டுகிறவன். இந்தக் கதையின் ஏழை யாரிடமும் கை நீட்டவில்லை, அவனிடம் ஆடு குறைவு, அவ்வளவுதான். கால்நடையே செல்வமாக உள்ள சமூகத்தில் ஏழ்மை என்பதற்கு அதுதான் பொருள். ‘நாலு ஆடு மட்டுமே வைத்திருந்தவன்’ என்று விரித்து எழுதினால் மாற்றுச்சொல்லே தேவைப்படாது, படமும் கிடைக்கும். மகளை ‘அறிவாளி’ என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு ‘தந்திரசாலி’ ஆக்கியிருக்கிறீர்கள். நம் கதைகளில் தந்திரம் நரியின் சொத்து. அந்தப் பெண் யாரையும் ஏமாற்றவில்லை. கெட்டிக்காரி என்று எழுதுங்கள். வகுப்பில் உள்ள பெண் பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

வீல்வாலின் பட்டப்பெயர் கராத். நீங்கள் முதலில் ‘அரசன்’ என்றும் பின்னர் ‘மாமன்னர்’, ‘சக்கரவர்த்தி’ என்றும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறீர்கள். மாமன்னர் என்றவுடன் நம் வாசகன் கோட்டையும் கொத்தளமும் யானைப்படையும் கட்டிவிடுவான். மேய்ச்சல் நிலத்து மக்களின் நடுவில் வாழ்ந்து, வாசலுக்கு வருகிறவர்களிடம் நேருக்கு நேராகப் புதிர் போடும் தலைவனுக்கு அந்தப் படம் ஒட்டவில்லை. முதல் முறை ‘கராத் என்னும் பட்டம் பெற்ற தலைவன்’ என்று எழுதிவிட்டுப் பிறகு கராத் என்றோ தலைவன் என்றோ தொடருங்கள். பெயரைச் சேர்த்தே எழுதியிருப்பது நல்லது. சோமாலியில் வீல் என்றால் பையன் என்று பொருள். ஆனால் ஆட்டைப் பற்றிய கதையில் ‘வால்’ என்று தனியாக வந்தால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சோமாலிப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்து முறையாக 1972இல்தான் ரோமன் எழுத்து ஏற்கப்பட்டது. நாம் ஆங்கிலப் பழக்கத்தில் ‘எக்ஸ்’ என்று படிக்கும் எழுத்தை அவர்கள் தொண்டையிலிருந்து எழும் ஒரு ஹகரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ‘சி’ என்று நாம் படிப்பது அரபியின் ஐன் என்னும் தொண்டை ஒலி, தமிழில் அதற்கு எழுத்து இல்லை. ஆண்களை அடக்கி ஆண்டதாகச் சொல்லப்படும் கதை அரசியின் பெயரை நீங்கள் பின்குறிப்பில் ‘கரவீலோ’ என்று எழுதியிருப்பது இதனால்தான், அது அரவேலோ. மரபுச் சட்டத்தைக் குறிக்கும் சொல்லும் ஹேர்தான், ‘க்ஸீர்’ அன்று.

1972 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் சொன்னேன். இந்தக் கதைகள் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக வாயில் வாழ்ந்தவை. சொல்பவருக்குச் சொல்பவர் சொற்கள் மாறியிருக்கும், கதையின் முடிச்சு மட்டும் மாறியிருக்காது. எனவே நீங்கள் படித்த தொகுப்பு மூலம் அன்று. அதுவும் ஒருவர் சொன்ன விதம். கதை எல்லோருக்கும் பொது, ஆனால் அந்தத் தொகுப்பாசிரியர் சேர்த்த உரையாடலும் வருணனையும் அவருடையவை. ஏழை வீடு திரும்பும் வழியில் நிலா வெளிச்சத்தைப் பற்றி நான்கு வரி இருக்கிறதே, அது நாட்டுப்புறக் கதைசொல்லியின் குரலாக எனக்குப் படவில்லை; தொகுப்பில் இருந்து வந்திருந்தால், ‘நிலவொளி’யை ‘மதியொளி’ ஆக்கியதால் அது உங்களுடையது ஆகிவிடாது. மலர்க்குழுவின் முதல் குறை நியாயமானது, அதற்கு மருந்து மாற்றுச்சொல் அன்று. தொகுப்பை மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் கதையை ஒரு வகுப்புக்கு வாயால் சொல்லுங்கள். அன்று மாலையே, சொன்னபடி எழுதுங்கள். பிறகு தொகுப்பைத் திறந்து, கதை நிகழ்ச்சிகள் சரியா என்று மட்டும் ஒத்துப் பாருங்கள். முதல் வரிக்கு மேலேயே, இன்ன தொகுப்பில் படித்த சோமாலியக் கதை என்று குறித்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி, இடத்தையும் வாழ்க்கையையும் குறிக்கும் சொற்கள். உங்கள் இரண்டாம் பிரதியில் அதிகம் பாதிக்கப்பட்டவை இவைதான்.

ஏழையின் வீட்டை முதலில் ‘குடிசை’ என்றும் பிறகு ‘கூடாரம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். சோமாலிய மேய்ச்சல் மக்களின் வீட்டுக்கு அகல் என்று பெயர். வளைத்த கம்புகளை நட்டு, மேலே பாய்களை வேய்ந்து, கவிழ்த்த கிண்ணம்போல் எழுப்புவார்கள். இடம் பெயரும்போது பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள். குடிசை ஒரே இடத்தில் நிற்பது, கூடாரம் துணியால் ஆனது. ‘பாய் வேய்ந்த குடில்’ என்று சொன்னால் இரண்டு தவறும் நேராது. அகல் என்று அப்படியே எழுதலாமா என்றால், நம் வாசகனுக்கு அகல்விளக்கு நினைவுக்கு வந்துவிடும். ஆகவே இந்த ஓர் இடத்தில் மூலச்சொல்லை விட்டுவிடுவதே நல்லது என்பேன். ‘ஏழை தன் கையால் கட்டிய கூடாரம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அகலை எழுப்புவது பெண்களின் வேலை. ‘மனைவி கட்டிய’ என்று மாற்றுங்கள்.

ஆடு அடைக்கும் இடத்துக்கு நீங்கள் போட்ட ‘தொழுவம்’ மாட்டுக்கு உரியது. நானும் ஒருகாலத்தில் பட்டி என்பது கொச்சை என்று எண்ணி ஒரு மொழிபெயர்ப்பில் எல்லாப் பட்டியையும் தொழுவம் ஆக்கினேன்; அச்சான பிறகு, ஆடு வளர்க்கும் ஒரு வாசகர், ‘உங்கள் ஊரில் ஆடு பால் கறக்க வரிசையில் கட்டி நிற்குமோ?’ என்று அஞ்சலட்டை எழுதினார். முள்கிளைகளை வளைத்துப் போட்டு ஆட்டை அடைக்கும் சோமாலிய வழக்கத்துக்கு ‘முள்வேலிப் பட்டி’ அப்படியே பொருந்தும். கிடை என்றும் எழுத வேண்டாம். கிடை நம் ஊரில் வயலுக்கு உரம் சேர அமர்த்துவது.

ஆடு என்ற சொல்லில் நமக்கு ஒரு வசதி உண்டு. செம்மறியும் வெள்ளாடும் அதில் அடங்கிவிடுகின்றன. சோமாலியிலும் இரண்டையும் சேர்த்துச் சொல்ல அரி என்று ஒரு பொதுச்சொல் இருக்கிறது. ஆனால் ஒட்டகம் என்று வரும்போது அவர்கள் செல்வர், நாம் வறியவர். பெண் ஒட்டகம், சுமை சுமக்கும் ஆண் ஒட்டகம், இளம் பெண் ஒட்டகம், பிறந்த குட்டி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தனிச் சொல் உண்டு: ஹல், அவ்ர், காலின், நிரிக். இந்த இடத்தில் கருவி உங்களுக்கு ‘ஒட்டகப் பசு’ என்று எடுத்துக் கொடுத்திருக்கிறது. நம் பழைய இலக்கணம் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. ‘ஒட்டகம் குதிரை கழுதை மரையிவை பெட்டை என்னும் பெயர்க்கொடைக் குரிய’ என்பது தொல்காப்பியத்தின் மரபியல். பெட்டை ஒட்டகம் என்று தயங்காமல் எழுதலாம். அதன் இளமைக்குக் கன்று என்ற பெயரையும் மரபியல் தருகிறது. பேச்சில் குட்டி என்கிறோம், இரண்டில் எதை எடுத்தாலும் கதை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘கடுங்கோடையில்’ என்று உங்கள் கதை தொடங்குகிறது. தொகுப்பில் அது வறண்ட பருவம் என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சோமாலியரின் கடும் வறட்சிக் காலமாகிய ஜிலால் ஏறத்தாழ டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்வது. ஏப்ரலில் தொடங்குவதுதான் அவர்களின் பெருமழைப் பருவமாகிய கூ. கோடை என்றதும் நம் பிள்ளைகள் சித்திரை வைகாசியை நினைப்பார்கள், அங்கே அப்போதுதான் புல் முளைத்து ஒட்டகம் பால் சுரக்கும். மாதத்தைப் பார்த்து ‘குளிர்காலம்’ என்று மாற்றினாலும் தவறு. ‘வறட்சிக்காலம்’ என்பதே போதும்.

இனத்தைக் குறிக்கும் சொல்லில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘வேறு சாதிக்காரர்களும் வந்தார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அவர்களிடையே கபீல் என்பது ஒரு தந்தை வழியில் வந்தவர்களின் தொகுதி. சாதி என்றால் நம் நாட்டு ஏற்றத்தாழ்வு முழுவதும் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘பழங்குடி’ என்று மாற்றினால் காடும் மலையும் வந்துவிடும். குலம் என்று எழுதுங்கள். அவர்கள் மரத்தடியில் கூடிப் பேசுவதை நீங்கள் ‘பஞ்சாயத்து’ ஆக்கியிருக்கிறீர்கள், ‘மன்றம்’ என்பதையும் யோசித்ததாகச் சொல்கிறீர்கள். மரத்தடியில் ஊர் கூடும் மன்றம் சங்க இலக்கியத்தில் அருமையான சொல்தான். இன்று அது நடிகர் பெயரோடு சேர்ந்து வருகிற சொல். ‘கூட்டம்’ போதும்.

சொல்லை ஓசைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடமும் உண்டு. சோமாலியக் கவிதையில், கபய் என்னும் பெருங்கவிதை வடிவத்தை எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஒலியே முடிவு வரை ஒவ்வொரு வரியிலும் மோனையாக வந்தாக வேண்டும். பழமொழிகளிலும் கதைகளின் முத்திரை வரிகளிலும் இந்தப் பழக்கம் கசிந்திருக்கும். மனிதரைத் தின்னும் டெக்டேர் என்னும் பெண்ணின் கதையைப் பாருங்கள்: டெக் என்றால் காது, டேர் என்றால் நீளமான, அவள் செத்தாள், நிலம் அமைதியுற்றது என்று கதை முடியும்போது சாவையும் நிலத்தையும் குறிக்கும் சொற்களும் அதே டகரத்தில்தான் தொடங்குகின்றன. நீங்கள் அடுத்து அந்தக் கதையை எழுதப் போவதாகச் சொன்னதால் இதைக் குறிப்பிடுகிறேன். அவளை அரக்கி என்றோ ராட்சசி என்றோ மாற்றாதீர்கள், சூர்ப்பணகை வந்துவிடுவாள். ‘நீள்காதி’ என்று பெயரிட்டால், ‘நீள்காதி செத்தாள், நிலம் நிம்மதி’ என்று முடிக்கலாம். மோனை தானாகக் கிடைக்கிறது. ‘பூமி சாந்தியடைந்தது’ என்றால் பொருள் இருக்கும், வரி இருக்காது.

நீங்கள் தொடக்கத்தில் வைத்திருக்கும் பழமொழியும் அப்படித்தான். ‘நிலத்தைக் கடந்து போகாதவனுக்குக் கண்கள் இல்லை’ என்பது நேர்ப்பொருள். மூலத்தில் நிலத்துக்கும் கண்ணுக்கும் உரிய சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. நீங்கள் ‘பயணிக்காத மனிதன் பார்வையற்றவன்’ என்று எழுதியது மோனை பார்த்தால் சரி, ஆனால் பார்வையற்றவன் என்னும் சொல் இன்று பார்வை இல்லாத மனிதரைக் குறிக்கும் மரியாதைச் சொல். அதை வசையாக்க வேண்டாம். ‘காடு கடவாதவனுக்குக் கண் இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். காடு என்றால் மரமடர்ந்த இடம் மட்டும் அன்று, மானாவாரி நிலத்தையும் மேட்டு நிலத்தையும் காடு என்றே சொல்கிறவர்கள் நாம். மரம் அடராத சோமாலிய மேய்ச்சல் வெளிக்கு அது பொருந்துமா என்று யாராவது கேட்டால், ‘நிலம் கடவாதவனுக்கு நேத்திரம் இல்லை’ என்பதை எடுத்துக் கொடுங்கள். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. நேத்திரம் என்ற சொல்லோடு கண் மருத்துவமனையின் வாசனையும் சேர்ந்து வருகிறது.

கதை சொல்பவர் ‘ஷேக்கோ ஷேக்கோ’ என்று தொடங்கப் பிள்ளைகள் ‘ஷேக்கோ ஹரீர்’ என்று பதில் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஹரீர் என்றால் பட்டு. முதல் பிரதியில் இருந்த ‘கதை கதையாம், பட்டுக் கதையாம்’ என்பதை ஏன் ‘மென்மையான கதையாம்’ ஆக்கினீர்கள்? பட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகத் தலைப்பு. முதல் பிரதியில் ‘ஆட்டின் தொண்டை’ என்றும், இரண்டாம் பிரதியில் ‘குரல்வளையின் குரல்’ என்றும் வைத்திருக்கிறீர்கள். சொல் எதுவானாலும், புதிருக்கு விடையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும். ‘கராத் கேட்ட துண்டு’ என்று வைத்து அனுப்புங்கள். மூன்றாம் பிரதியையும் எனக்கு ஒன்று அனுப்பிவையுங்கள்.